பின்சக்கர மட்கார்டு ஆடாமல் நிற்க

பெங்களூரில் மழை பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் வரும். செப்டம்பர், அக்டோபரில் நாலு மணிக்குக் கருக்கும், ஐந்து மணிக்குக் கொட்டும், ஆறரைக்கெல்லாம் விட்டுவிடும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து சைக்கிளை எடுக்கிற நேரமும் அதுதான். தலைக்கு மேல் ஒரு சொட்டு இருக்காது. ஆனால் ஓசூர் சாலையின் சர்வீஸ் ரோட்டில், மேம்பாலத் தூண்களை ஒட்டிச் செந்நிறத் தண்ணீர் தேங்கி நிற்கும். நீலாத்ரி ரோட்டில், கட்டட வேலை நடக்கும் மனைகளிலிருந்து லாரிகள் சக்கரத்தோடு இழுத்து வந்த செம்மண் தார்மேல் குழம்பாகப் பரவிக் கிடக்கும். மவுண்டன் பைக்கின் பெரிய பல் டயர் அதை அள்ளி அள்ளி வீசும். வீடு போய்ச் சேரும்போது சட்டையின் முதுகில், இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு செம்மண் கோடு விழுந்திருக்கும். லேப்டாப் பையின் ஜிப்புக்குள்ளும் அந்தச் சேறு போயிருக்கும்.

கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய இரண்டு கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தை எடுத்து கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் எலெக்ட்ரானிக் சிட்டி என்ற இந்தத் தொழில் நகரத்தைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்த கனவு அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆர்.கே. பாலிகாவுடையது. கண்ணாடிக் கட்டடங்கள் எவ்வளவு எழும்பினாலும் அடியில் இருப்பது அந்தக் கிராமங்களின் செம்மண்தான். ஈரத்தில் களிபோல ஒட்டும், காய்ந்தால் ஓடுபோல இறுகும். இங்கே மட்கார்டு பொருத்துகிறவர் இந்த மண்ணின் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பொருத்த வேண்டும்.

நம் அப்பா தாத்தா ஓட்டிய சைக்கிளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் போன்ற ரோட்ஸ்டர் வண்டிகளில் மட்கார்டு வண்டியோடு சேர்ந்தே வரும். வயற்காட்டுப் பாதையில் இரண்டு பால் கேன்களோடு முப்பது வருஷம் ஓடிய வண்டியிலும் பின் மட்கார்டு அசையாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எப்படி நிற்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பெடல் அச்சுக்குப் பின்னால், இரண்டு கீழ்க்கம்பிகளை இணைக்கும் சிறு குறுக்குத் துண்டில் ஒரு பிடி. சீட்டுக்குக் கீழே மேல்கம்பிகளின் குறுக்குத் துண்டில் இன்னொரு பிடி. பின்னால் தொங்கும் பகுதியை அச்சு நட்டோடு இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிகள் மூன்றாவது பிடி. இந்த அத்தியாயம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அந்த மூன்றாவது பிடியைப் பற்றித்தான். மலையேறும் வண்டிக்கென்று கடையில் விற்கும் மட்கார்டுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பிடியோடு வருகின்றன. அவை ஆடுவதற்கும் ஒருபக்கம் திரும்பிக்கொள்வதற்கும் டயர்மேல் சரிவதற்கும் காரணம் அதுவே.

தண்ணீர் எங்கே கிளம்பி எங்கே போகிறது

பொருத்துவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் எந்த நீளம் வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. வண்டி முன்னே போகும்போது பின்சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கி எழுகிறது. டயரில் ஒட்டிய நீர், தான் விடுபடும் இடத்தில் டயர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே தெறிக்கும். அச்சுக்கு நேர் பின்னால் விடுபடும் துளி செங்குத்தாக மேலே போகும். அதற்கும் உச்சிக்கும் நடுவில் விடுபடுவது மேலேயும் முன்னேயும் பாயும். உங்கள் முதுகில் கோடு போடுவது அதுதான். அச்சு மட்டத்துக்குக் கீழே விடுபடுவது மேலேயும் பின்னேயும் போய், பின்னால் வருகிறவர் முகத்தில் விழும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு துளி ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் எழும்பும். 20 கிலோமீட்டரில் ஒன்றரை மீட்டர். 25-இல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். வேகம் இரட்டித்தால் உயரம் நாலு மடங்கு. தெருவுக்குள் மெதுவாகப் போகும்போது போதுமாக இருந்த குட்டை மட்கார்டு, பொம்மசந்திரா பக்கம் காலியான ரோட்டில் அழுத்தி மிதிக்கும்போது போதாமல் போவது இதனால்தான்.

ஆகவே முதுகு நனையாமலிருக்க, சக்கரத்தின் உச்சியிலிருந்து பின்பக்கம் அச்சு மட்டம் வரை மறைத்தாக வேண்டும். துணைக்கு ஒருவர் பின்னால் வருகிறார் என்றால் அச்சுக்குக் கீழேயும் இறங்க வேண்டும். அகலம் டயரைவிடப் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டராவது கூட இருக்கட்டும். 2.1 அங்குல டயர் என்றால் 53 மில்லிமீட்டர். அதற்கு 63 முதல் 65 வரை உள்ள மட்கார்டு சரி. டயரின் பக்கவாட்டில் 27.5 x 2.1 அல்லது 29 x 2.2 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 26, 27.5, 29 மூன்றுக்கும் வளைவு வேறு. முழு நீள மட்கார்டை அளவு மாற்றி வாங்கினால் நடுவில் உரசும் அல்லது நுனியில் விலகும். என்ன முறுக்கினாலும் சரிவராது.

சீட் கம்பியில் மாட்டும் வகை

அதிகம் விற்பது இதுதான். சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நிமிஷ வேலை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அரை மீட்டர் நீளமுள்ள அந்த வாலின் குலுக்கல் முழுவதும் விரல் அகலப் பட்டையின் மேல் விழுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியின் உள்சாலைகளில் அடுத்தடுத்து ஐந்தாறு வரிகளாகப் போட்டிருக்கும் சின்ன வேகத்தடைகளைத் தாண்டும்போது இன்னும் மோசம். ஒரு குலுக்கல் அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். பட்டை மெல்ல மெல்லச் சுழலும். ஒரு வாரத்தில் வால் ஒருபக்கம் பார்க்கும். ஒருநாள் கீழே இறங்கி டயரைத் தொடும்.

எனக்கு அது நடந்தது ஹெப்பகோடியைத் தாண்டி, இருட்டும் நேரத்தில். தொங்கிய நுனியை டயர் பிடித்து இழுத்ததில் பட்டை அறுந்து, மட்கார்டு ரோட்டுக்கு நடுவில் போய் விழுந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் சட்டென்று ஒடித்துத் திருப்பி, விழாமல் தப்பினார். அவர் முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. சரியாகப் பொருத்தாத மட்கார்டைவிட மட்கார்டே இல்லாத வண்டி மேல் என்று அன்றிலிருந்து உறுதியாகச் சொல்லிவருகிறேன்.

இந்த வகையையே பொருத்துவதானால், முதலில் சீட் கம்பியைத் துடையுங்கள். உயரம் மாற்றுவதற்காகத் தடவிய கிரீஸ் மேலேறி இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் மண்ணெண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்து, காயவிடுங்கள். பழைய டியூபிலிருந்து பட்டையின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கம்பியைச் சுற்றி வையுங்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர வேண்டும். ஏறினால் அந்த இடத்தில் மேடு தட்டிப் பட்டை முழுதாகப் பிடிக்காது. அதன்மேல் பட்டையை இறுக்குங்கள். சீட் கம்பிகள் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என்று பல தடிமனில் வருகின்றன. மெல்லிய கம்பிக்கு ரப்பர் இரண்டு அடுக்குகூடத் தேவைப்படலாம். விசையை அழுத்தினால் சீட் ஏறி இறங்கும் வகைக் கம்பி உங்கள் வண்டியில் இருந்தால், பளபளவென்று மேலும் கீழும் ஓடும் பகுதியில் எதையும் கட்டாதீர்கள். அதில் கீறல் விழுந்தால் சீல் போய்விடும்.

இனி மூன்றாவது பிடி. பழைய சைக்கிள் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் ரோட்ஸ்டர் வண்டிக்கான மட்கார்டு ஸ்டே கம்பி கிடைக்கும். கார் ஒயரிங், தண்ணீர்க் குழாய் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடையில், ரப்பர் உறை போட்ட பைப் கிளிப் கிடைக்கும். சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் இரண்டு மேல்கம்பிகளின் தடிமனை ஒரு நூலைச் சுற்றி அளந்து, அந்த அளவில் இரண்டு கிளிப் வாங்குங்கள். மேல்கம்பிக்கு ஒன்றாக மாட்டி, அங்கிருந்து ஸ்டே கம்பியை மேலே கொண்டுபோய் மட்கார்டின் நடுப்பகுதியில் இரண்டு போல்ட் போட்டுப் பிடியுங்கள். வால் இப்போது முன்னால் சீட் கம்பியிலும் நடுவில் மேல்கம்பிகளிலுமாக நிற்கிறது. பக்கவாட்டுச் சுழற்சி அதோடு நின்றுவிடும்.

பிளாஸ்டிக்கில் துளை போடும்போது டிரில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காய்ச்சிய ஆணியால் போடலாம். உருகிய விளிம்பு வழவழப்பாக ஆறுவதால் விரிசல் அவ்வளவு சீக்கிரம் ஓடாது. கத்தியால் மட்டும் வெட்டாதீர்கள். வெட்டின் மூலையிலிருந்துதான் பிளாஸ்டிக் பிளக்கும். போல்ட்டின் தலைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருபது மில்லிமீட்டர் அகல வாஷர் ஒன்று அவசியம். சின்ன வாஷர் நாளடைவில் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு இந்தக் கம்பி ஆகாது. அங்கே சக்கரமும் மேல்கம்பிகளும் சேர்ந்து ஏறி இறங்கும், சீட் கம்பி அப்படியே நிற்கும். இரண்டையும் இணைத்துக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே ஏதாவது ஒன்று முறியும். அந்த வண்டிகளில் மேல்கம்பிகளோடு மட்டும் பிடிக்கிற வகையை வாங்குங்கள். சீட் கம்பி வகைதான் கையில் இருக்கிறதென்றால், ஷாக்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சீட்டை அமுக்கி, சக்கரம் எவ்வளவு உயரம் வருகிறது என்று பாருங்கள். அதற்கும் மேலே இரண்டு விரல் இடைவெளியில் மட்கார்டு இருக்க வேண்டும். குள்ளமானவர்கள் சீட்டைத் தாழ வைத்து ஓட்டுவதால் அவர்களுக்குச் சில வண்டிகளில் அந்த இடைவெளியே கிடைக்காது. கிடைக்காவிட்டால் பொருத்தாமல் விடுவதே பாதுகாப்பு.

முழு நீள மட்கார்டு

தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பொருத்த ஒரு மணி நேரம் ஆகும். பிறகு பல வருஷம் தொந்தரவு தராது.

பின் அச்சு உட்காரும் தகட்டுக்குச் சற்று மேலே, இரு பக்கமும் மறையிட்ட துளை இருக்கிறதா என்று பாருங்கள். கேரியருக்கும் மட்கார்டுக்குமாக அதை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எம்5 அளவு, 4 மில்லிமீட்டர் எல்-கீ போதும். பெயின்ட்டும் காய்ந்த மண்ணும் மறையை அடைத்திருந்தால், ஒரு போல்ட்டை எண்ணெய் தொட்டுக் கையால் விட்டு விட்டு எடுங்கள். ஸ்பேனர் போட்டு வம்பாகத் திருகினால், அலுமினிய ஃப்ரேமின் மறை போனது போனதுதான்.

துளையே இல்லாத வண்டிக்கு மேலே சொன்ன ரப்பர் கிளிப் கைகொடுக்கும். கார்பன் ஃப்ரேமில் மட்டும் கிளிப் வேண்டாம். அதன் கம்பிகள் இப்படி நெருக்குவதைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை அல்ல.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு மட்கார்டை உள்ளே செருகுங்கள். முதலில் பெடல் அச்சுக்குப் பின்னுள்ள குறுக்குத் துண்டு, அடுத்து மேலே உள்ள குறுக்குத் துண்டு, கடைசியில் ஸ்டே கம்பிகள். எல்லாவற்றையும் விரல் முறுக்காக மட்டும் வைத்திருங்கள். குறுக்குத் துண்டில் துளை இல்லாத வண்டியில், மட்கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, வெயிலைத் தாங்கும் கறுப்பு டையால் கட்டலாம். வெள்ளை டை ஒரு கோடைக்குள் நொறுங்கிவிடும். மட்கார்டின் முன் நுனி முன்பக்கக் கியரை மாற்றும் டிரெய்லியரைத் தொடாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். தொட்டால் நுனியை வெட்டிவிடுங்கள்.

சக்கரத்தை மாட்டி நடுவில் சரிசெய்த பிறகுதான் இறுக்க வேண்டும். ஓசூர்க்காரர் ஒருவர் இந்தப் பக்கம் வைத்திருந்த சைக்கிள் கடையில் நான் ஸ்பேனரை எடுத்தபோது தடுத்துச் சொன்னார்: “சார், முறுக்காதீங்க. டயர ஒரு சுத்து சுத்திப் பாருங்க. அது எங்க கிட்ட வருது, எங்க விலகுதுன்னு அதுவே காட்டிடும்.” “ரிம் கோணல் இருந்தா என்னண்ணா பண்றது?” என்றேன். “அப்ப மொதல்ல ரிம்ம பெண்டு எடுக்கணும். கோணல் சக்கரத்துக்கு நேர் மட்கார்டு எப்படி சார் ஒத்துவரும்?” அவர் சொன்ன வரிசையை நான் பிறகு மாற்றியதே இல்லை.

இடைவெளி எவ்வளவு? தார் ரோட்டுக்கு 10 மில்லிமீட்டர் போதும் என்பார்கள். நம் செம்மண்ணுக்கு 20 வையுங்கள். பல் டயரின் பல்லிடுக்கில் ஒட்டிய மண் மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டே போகும். இடைவெளி குறைவாக இருந்தால் ஹுஸ்கூர் பக்கத்து மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் சுற்றாமல் நிற்கும்.

அந்த 20 எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. டயர் மட்கார்டுக்குள் நுழைவது பின்பக்கக் கீழ் நுனியில். அங்கிருந்து மேலேறி, சீட்டுக்குக் கீழே வந்து, பெடல் பக்கம் வெளியேறுகிறது. ஒரு குச்சியோ பிளாஸ்டிக் பை நுனியோ டயரோடு ஒட்டி வந்தால் அதே பாதையில் இழுபடும். நுழையும் இடம் அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இருந்தால் குச்சி நடுவில் சிக்கி மட்கார்டை மடக்கிவிடும். நுழைவாயில் சற்றுக் குறுகலாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருந்தால், உள்ளே வந்தது தானாக வெளியே போய்விடும். பின் நுனியில் 15 என்று தொடங்கி மேலே 20, பெடல் பக்கம் 25 என்று வைத்தால் நல்லது.

செயின் இருக்கும் பக்கத்துப் போல்ட்டின் நீளத்தைத் தனியாகக் கவனியுங்கள். துளைக்கு உட்புறம் அது நீட்டிக்கொண்டிருந்தால், செயின் கடைசிச் சிறு பல்சக்கரத்தில் ஓடும்போது போல்ட் முனையில் இடிக்கும். கியரை அந்தப் பல்லுக்கு மாற்றி, வண்டியைத் தூக்கிப் பெடலைச் சுற்றுங்கள். டிக் டிக் என்று கேட்டால் சின்ன போல்ட் வாங்குங்கள், அல்லது வெளிப்பக்கம் ஒரு வாஷர் கூட்டுங்கள்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் இடப்பக்கம் பிரேக் காலிப்பர் ஸ்டே கம்பியின் வழியில் நிற்கும். கம்பியை வளைத்துச் சுற்றிக் கொண்டுபோக நினைக்காதீர்கள். வளைத்த கம்பி ஸ்பிரிங் மாதிரி ஆடும். 10 அல்லது 15 மில்லிமீட்டர் உலோகப் புஷ் ஒன்றைத் துளைக்கும் ஸ்டேக்கும் நடுவில் வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட் போட்டால் கம்பி நேராகவே வெளியே தள்ளி நிற்கும். நீள போல்ட் வளையாமலிருக்க எஃகில் வாங்குங்கள், அலுமினியம் வேண்டாம். காலிப்பர் பெரிதாக இருந்தால் ஸ்டேயை அச்சருகே கட்டாமல், மேல்கம்பியில் பாதி உயரத்தில் ரப்பர் கிளிப் போட்டு அங்கே பிடியுங்கள். எப்படிச் செய்தாலும் கம்பி டிஸ்க்கையோ பிரேக் குழாயையோ தொடக்கூடாது.

எல்லாம் நடுவில் நிற்கிறதா? இனி முறுக்கலாம். எம்5 போல்ட்டுக்கு 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும். எல்-கீயின் நீண்ட கையைத் துளையில் நுழைத்து, குட்டைக் கையைக் கட்டைவிரலால் அழுத்தமாகத் தள்ளி நிறுத்தினால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். மறைக்குள் ஒரு சொட்டு நீல நிற லாக்டைட் விடுங்கள். நட்டு போடும் இடங்களில் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்கள், குலுக்கலில் அது தானாகக் கழலாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் சில ரூபாய்தான் கூடுதல்.

ஸ்டே கம்பியில் மிச்சமிருக்கும் நீளத்தை ரம்பத்தால் வெட்டி, அரம் போட்டு மழுக்கி, பிளாஸ்டிக் மூடி மாட்டுங்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தும்போது பக்கத்து வண்டிக்காரர் காலைக் கிழிப்பது இந்த முனைதான்.

ஆட்டிப் பார்ப்பது

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பொத்தென்று விடுங்கள். டயர் தரையில் மோதும் சத்தம் ஒன்றே கேட்க வேண்டும். அதன்பின் கடகடவென்று இன்னொன்று கேட்டால், எங்கோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது. மட்கார்டின் பின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முழு வண்டியும் சேர்ந்து அசைந்தால் சரி. மட்கார்டு தனியாக அசைந்தால் ஸ்டேயை மீண்டும் பாருங்கள். பிறகு உங்கள் தெருவிலேயே இருக்கும் மோசமான வேகத்தடையைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் பத்து முறை போய்வாருங்கள். திரும்பி வந்ததும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. புதுப் பிளாஸ்டிக் வாஷருக்கு அடியில் சற்று அமுங்கும் என்பதால் இந்த இரண்டாவது முறுக்கு அவசியம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு மட்கார்டைக் குறை சொல்கிறவர்களே அதிகம்.

பின் நுனியில் ஒரு ரப்பர் மடல் தொங்கவிடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் பழைய டியூபையோ காரின் ரப்பர் மிதியடியையோ உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, இரண்டு போல்ட், அகல வாஷர் போட்டுப் பிடியுங்கள். தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அது நிற்கட்டும். ரோட்ஸ்டர் மட்கார்டின் வாலில் வெள்ளை அடித்துச் சிவப்பு வில்லை ஒன்று வைத்திருப்பார்களே, அதையும் விடாதீர்கள். மழைக்குப் பிறகான அந்தி வெளிச்சத்தில் பின்னால் வரும் கேப் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

மழை நாளில் வீடு திரும்பியதும், செம்மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு குவளைத் தண்ணீரை மட்கார்டுக்குள் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். மறுநாள் காலைவரை விட்டால் மண் ஓடாக இறுகிவிடும். பிறகு சுரண்டி எடுப்பதற்குக் குச்சி தேட வேண்டும், சுரண்டுகிற வேகத்தில் ஸ்டேயும் தளரும்.